வேகத்தைத் தணிக்கும் வித்தை

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலாற் சிறிது அடைத்தால், அதுவரை காலடியில் விழுந்துகொண்டிருந்த நீர் சீறிப் பாய்ந்து வேலிக்கு அப்பாலும் சென்று விழும். சிறுபிள்ளைகளும் அறிந்த விளையாட்டு இது. ஓடும் நீரை விரைவுபடுத்துவதற்குப் பெருங் கல்வி வேண்டியதில்லை. வழியைக் குறுக்கினாற் போதும். ஆனால், அவ்வாறு சீறிப் பாயும் நீரை மீண்டும் அமைதிப்படுத்தி, அதன் வேகத்தில் அடங்கிய சக்தியை வீணாக்காமல் மீட்டெடுப்பது எப்படி என்று கேட்டால், விடை அத்துணை எளிதன்று. விரைவுபடுத்துவது எளிது, தணிப்பது அரிது. நீரிறைக்கும் பம்பும், நீர்மின் நிலையத்து டர்பைனும், ஆகாய விமானத்தின் ஜெட் இயந்திரமும் செவ்வனே இயங்குவது இந்த அரிய வித்தையைப் பொறுத்தே இருக்கின்றது.

இந்த வித்தையைச் செய்யும் உறுப்பைப் பொறியியலாளர் டிபியூசர் என்பர். தமிழில் அதனை விரிவழி என்று கூறலாம். பெயருக்கு ஏற்ப அது மெல்ல மெல்ல விரிந்து செல்லும் ஒரு வழியேயன்றி வேறன்று. அதிற் சுழலும் சக்கரமில்லை. அசையும் பகுதியும் பெரும்பாலும் இல்லை. புறத்தே காண்போருக்கு அது வெறுங் குழாய். ஆயினும், அதன் உருவம் சிறிது பிழைத்தால் அதனோடு இணைந்த இயந்திரம் முழுவதும் பயனற்றுப் போகக்கூடும்.

அதன் தொழிலை விளங்கிக்கொள்ள ஓர் அடிப்படை உண்மையை முதலில் அறிதல் வேண்டும். ஒருவனுடைய செல்வம் நெல்லாகவும் இருக்கலாம், காசாகவும் இருக்கலாம். அதுபோலவே, ஓடும் நீரின் சக்தியும் அமுக்கமாக இருக்கலாம், அல்லது வேகமாக இருக்கலாம். ஒன்று குறைந்தால் மற்றது கூடும். 1738 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலிலே டானியல் பேர்னூலி என்னும் அறிஞர் ஆராய்ந்த உண்மை இதுவே. வழி குறுகுமிடத்தில் நீர் விரைந்தோடும், அங்கே அமுக்கம் குறையும். வழி விரியுமிடத்தில் நீர் தணிந்தோடும், அங்கே அமுக்கம் உயரும்.

இதற்கு ஒரு சிறு கணக்கைக் கொள்ளலாம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை நேரே மேல்நோக்கி விட்டால், தடையேதும் இல்லாவிடின், அது ஏறத்தாழ 5 மீற்றர் உயரம் எழும். வேகம் பாதியாகுமானால் உயரமும் பாதியாகுமோ என்றால், அன்று. அது காற்பங்காகக் குறையும். ஆகவே, குழாயின் பரப்பை இருமடங்காக விரித்து வேகத்தைப் பாதியாக்கினால், முன்பு வேகமாக இருந்த சக்தியில் முக்காற் பங்கை அமுக்கமாக மீட்க முடியும். ஆனால், குழாயைப் படிப்படியாக விரிக்காமல் ஒரே இடத்தில் திடீரென்று இருமடங்காக்கினால் மீளுவது அரைப்பங்கு மாத்திரமே. எஞ்சிய காற்பங்கு சுழிகளிற் சிக்கி வெப்பமாகிப் போய்விடும். நெல்லைக் காசாக்கும்போது தரகர் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதுபோல, வேகத்தை அமுக்கமாக்கும்போது இயற்கையும் தன் தரகைப் பிடித்துக்கொள்கின்றது. அந்தத் தரகைக் குறைப்பதே விரிவழியை அமைப்போரின் கவலை.

விரிவழியின் வலிமையை முதலிற் கண்டவர்கள் அறிவியலாளர் அல்லர். உரோமாபுரியின் நீர்த் திருடர் என்றே கூறலாம். அந்நகரத்தில் வீடுகளுக்கு நீர் வழங்கும்போது, நீர்த்தொட்டியிற் பொருத்திய வெண்கலக் குழலின் அகலத்தைக்கொண்டே ஒவ்வொருவருக்கும் உரிய நீர் அளக்கப்பட்டது. குழலின் அளவு முத்திரையிடப்பட்டது. ஆனால், அக்குழலின் பின்னே விரிந்து செல்லும் குழாயொன்றைப் பொருத்தினால், குழலின் அளவு மாறாமலே நீர் கூடுதலாக வந்தது. விரிவழியில் அமுக்கம் மீளுவதால், அதன் தொடக்கத்திலுள்ள குறுகிய இடத்தின் அமுக்கம் வெளிக் காற்றின் அமுக்கத்திலும் தாழ்ந்து, தொட்டியிலுள்ள நீரை உறிஞ்சி இழுப்பதே அதற்குக் காரணம். கி.பி. 97 இல் அந்நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட பிரொன்டினஸ் என்பவர் எழுதிய நூலில், தொட்டியிலிருந்து 50 அடி தூரத்துக்குள் அகன்ற குழாயைப் பொருத்தலாகாது என்ற சட்டம் பதிவாகியுள்ளது. காரணத்தை அறியாவிடினும் விளைவை அறிந்து சட்டம் வகுத்தனர் அக்கால மக்கள். பதினேழு நூற்றாண்டுகளின் பின்னர், 1797 இல், இத்தாலிய அறிஞர் வெந்தூரி விரிந்த குழாய்களைக்கொண்டு ஒழுங்கான சோதனைகள் நடத்திப் பாரிஸ் நகரில் வெளியிட்டார்.

விரிவழி நன்மை செய்யும் என்பது இவ்வாறு தெரிந்தது. அது சிற்சில வேளைகளில் ஏன் கைவிட்டு விடுகின்றது என்பது மாத்திரம் தெரியவில்லை. அந்தப் புதிர் அவிழ்ந்த வரலாறு சுவையானது.

1900 ஆம் ஆண்டில் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானிய இளைஞர் நியூரம்பேர்க் நகரத்து இயந்திரத் தொழிற்சாலை ஒன்றிற் பொறியியலாளராகச் சேர்ந்தார். மரம் இழைக்கும்போது விழும் சீவல்களைக் காற்றினால் உறிஞ்சி அகற்றும் சாதனத்தைச் சீர்ப்படுத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் காற்றின் வேகத்தை அமுக்கமாக மீட்கும் பொருட்டு விரிந்து செல்லும் குழாயொன்றை அமைத்தார். ஏட்டுக் கணக்கின்படி அமுக்கம் உயர்ந்திருத்தல் வேண்டும். ஆனால் உயரவில்லை. காற்றோட்டம் குழாயின் சுவரை ஒட்டிச் செல்லாமல், சுவரை விட்டு விலகி நடுவே ஒரு தாரையாகப் போய்விட்டது.

தொழிற்சாலையைப் பொறுத்தவரை அது பெரிய இடையூறன்று. சாதனம் வேறு வகையிற் சீராக்கப்பட்டது. ஆயினும், காற்று ஏன் சுவரை விட்டு விலகிற்று என்ற வினா பிராண்டிலின் உள்ளத்தை விட்டு விலகவில்லை. அடுத்த ஆண்டிலே அவர் ஹனோவர் நகரிற் பேராசிரியரானார். கையாற் சுற்றும் சக்கரமொன்றைக்கொண்டு நீரை ஓடவைக்கும் சிறு தொட்டியொன்றை அமைத்து, நீரோட்டத்தைக் கண்ணாற் கண்டு ஆராய்ந்தார். 1904 ஆம் ஆண்டு ஹைடல்பேர்க் நகரிற் கூடிய சர்வதேசக் கணிதப் பேரவையில், ஏறத்தாழப் பத்து நிமிட நேரத்தில், தம் விடையை எடுத்துரைத்தார். விமானத்தின் இறகு முதலாகக் கப்பலின் அடித்தளம் ஈறாக, பாய்பொருளோடு தொடர்புள்ள யாவற்றின் ஆராய்ச்சிக்கும் அடிப்படையாகிவிட்ட எல்லைப் படைக் கொள்கை அதுவே. மரச்சீவலை உறிஞ்சிய குழாயொன்றின் தோல்வியிலிருந்து அது தோன்றியதென்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்கொள்கையின் சாரத்தைப் பாமரரும் விளங்கலாம். குழாயினுள் ஓடும் நீர் முழுவதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சுவரைத் தொடும் நீர் சுவரோடு ஒட்டி நின்றுவிடுகின்றது. அதற்கடுத்த நீர் மெல்ல நகர்கின்றது. சற்று உள்ளே சென்றாற்றான் முழு வேகமும் உண்டு. சுவரை ஒட்டியுள்ள இந்த மெல்லிய, சோர்ந்த படைக்கே எல்லைப் படை என்று பெயர்.

இனி, மேடும் பள்ளமுமான தெருவில் ஓடும் வண்டிகளை எண்ணிப் பார்க்கலாம். இறக்கத்தில் ஓடிவந்த வண்டி, அந்த வேகத்தைக்கொண்டே எதிரிலுள்ள மேட்டில் ஏறிவிடும். வேகம் குன்றிய வண்டியோ அரை மேட்டில் நின்று, பின்னோக்கி உருளத் தொடங்கும். விரிவழியில் முன்னே செல்லச் செல்ல அமுக்கம் கூடுகின்றதாதலால், அது நீருக்கு ஒரு மேடு போன்றது. நடுவே விரைந்துவரும் நீர் அம்மேட்டை எளிதில் ஏறிவிடும். சுவரோரத்துச் சோர்ந்த நீரோ ஏற மாட்டாது நின்று, பின்பு எதிர்த்திசையில் ஓடும். அப்போது முன்னேறும் நீரோட்டம் சுவரை விட்டுப் பிரிகின்றது. அவ்விடத்தைச் சுழிகள் நிரப்பிக்கொள்கின்றன. குழாய் விரிந்திருந்தும் ஓட்டம் விரியவில்லை, வேகம் தணியவில்லை, அமுக்கமும் மீளவில்லை. குறுகிச் செல்லும் குழாயில் இந்த இடர் இல்லை. அங்கே நீர் இறக்கத்திற் செல்கின்றது. சோர்ந்த படையும் இழுத்துச் செல்லப்படுகின்றது. விரைவுபடுத்துவது எளிதாகவும், தணிப்பது அரிதாகவும் இருப்பதன் இரகசியம் இதுவே.

ஆதலின், மேட்டின் சரிவை மெல்லியதாக அமைத்தல் வேண்டும். வட்டமான விரிவுக் குழாயின் இரு பக்கச் சுவர்களுக்குமிடையேயுள்ள முழுக் கோணம் ஏறத்தாழ 7 பாகை அளவில் இருப்பது நன்று என்பது சோதனைகளாற் கண்ட முடிவு. அதனிலும் மிகக் குறைத்தால், வேண்டிய அகலத்தை அடைவதற்குள் குழாய் அளவுக்கு மீறி நீண்டுவிடும். அந்நீளத்தில் ஏற்படும் உராய்வே இலாபத்தை உண்டுவிடும். மிகக் கூட்டினால் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். 60 பாகை அளவில் அகன்ற குழாயினால் ஏற்படும் நட்டம், திடீரென்று விரியும் குழாயின் நட்டத்தையும் மிஞ்சக்கூடும். நல்லெண்ணத்தோடு அமைத்த அரைகுறைச் சாதனம், ஒன்றும் அமைக்காமல் விடுவதிலும் தீதாய் முடிகின்றது.

இவ்வுண்மை இயந்திரங்களில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை இனிக் காணலாம். வயலிலும் தோட்டத்திலும் நீரிறைக்கும் பம்பைக் கண்டிராத நேயர் இருக்கமாட்டார். அதன் உள்ளே சுழலும் சக்கரம் நீரைச் சுழற்றி வெளிப்புறம் எறிகின்றது. எறியப்பட்ட நீருக்கு வேகம் மிகுதி. ஆனால் உயரத்துக்கு ஏறுவதற்கு வேண்டியது அமுக்கம். பம்பின் உறை நத்தை ஓட்டைப்போல வரவர அகன்று செல்லும் வடிவில் இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பர். அது அழகுக்காகச் செய்த வடிவமன்று. சக்கரத்தைச் சுற்றி வெளிவரும் நீரை ஒன்றுசேர்ப்பதோடு, அகன்று செல்லும் வாயில் அதன் வேகத்தைத் தணிப்பதும் அவ்வுறையின் தொழில். மிக உயர்ந்த அமுக்கம் வேண்டிய பம்புகளில், சக்கரத்தைச் சூழ அசையாத தகடுகளை நிறுத்தி, அவற்றினிடையே பல விரிவழிகளை அமைப்பர். மான்செஸ்டர் நகரிற் பேராசிரியராயிருந்த ஒஸ்போன் ரெனால்ட்ஸ் 1875 ஆம் ஆண்டில் இத்தகைய பம்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்.

பம்பில் நீர் வெளியேறும் வழி முக்கியமானால், நீர் டர்பைனிலும் அவ்வாறே. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீருக்கு இன்னும் வேகம் எஞ்சியிருக்கும். வீழ்ச்சி 10 மீற்றரே உள்ள ஓரிடத்தில், சக்கரத்தை விட்டு நீர் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் வெளியேறுவதாகக் கொள்ளலாம். அவ்வேகத்தில் அடங்கிய சக்தி 3 மீற்றருக்கு மேற்பட்ட வீழ்ச்சிக்குச் சமம். அதனை அப்படியே விட்டால், ஆறு கொடுத்த செல்வத்தில் மூன்றிலொரு பங்கு ஆற்றுக்கே திரும்பிவிடும். ஆகவே, சக்கரத்தின் கீழே விரிந்து செல்லும் பெருங் குழாயொன்றை அமைத்து, அதன் முடிவை வெளிநீரில் அமிழ்த்திவிடுவர். அக்குழாயில் வேகம் 2 மீற்றராகத் தணிந்தால், வெளியே போகும் சக்தி 20 சதம மீற்றர் வீழ்ச்சியளவே. சக்கரத்தின் கீழ் அமுக்கம் தாழ்ந்து, மேலிருந்து வரும் நீரை அது உறிஞ்சுகின்றது. உரோமாபுரித் திருடரின் அதே தந்திரம். தாழ்ந்த வீழ்ச்சிகளுக்கென விக்டர் கப்ளான் உருவாக்கிய டர்பைன் இக்குழாயின்றிச் சிறப்புறாது.

இலங்கை நேயர்கள் இவ்வேற்றுமையைத் தம் நாட்டிலேயே காணலாம். 1950 இல் தொடங்கப்பெற்ற லக்சபான நிலையத்திலுள்ளவை பெல்டன் சக்கரங்கள். மலையுச்சியிலிருந்து வரும் நீர் தாரையாகக் கிண்ணங்களில் மோதி, வேகத்தைப் பெரும்பாலும் இழந்து, கீழே விழுந்துவிடும். அங்கே விரிவழிக்குத் தேவையில்லை. மகாவலி கங்கையில் அமைந்த விக்டோரியா நிலையத்திலோ நீர் நிறைந்த உறையினுட் சுழலும் பிரான்சிஸ் டர்பைன்கள் உள்ளன. அவற்றின் கீழே விரிவழி இன்றியமையாதது.

எனினும், விரிவழி எக்காலமும் அடங்கி நடக்கும் பணியாளன் அன்று. டர்பைன் தனக்குரிய அளவிலும் குறைந்த நீரில் ஓடும்போது, வெளியேறும் நீர் சுழன்றபடியே குழாயினுள் இறங்குகின்றது. அப்போது அதன் நடுவே, முறுக்கிய கயிறு போன்ற சுழியொன்று தோன்றி, சக்கரத்தின் வேகத்தில் ஏறக்குறைய நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரையான வேகத்திற் சுற்றி வரும். குழாய் அதிரும், மின்சாரத்தின் அளவும் ஏறி இறங்கும். ரைங்கான்ஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940 இல் இவ்வதிர்வை ஆராய்ந்து எழுதினார். இன்றும் நீர்மின் நிலையங்களை நடத்துவோர் அஞ்சும் இடர்களில் இஃதொன்று.

நீரிலிருந்து காற்றுக்கு வந்தால், சிக்கல் இன்னும் கூடுகின்றது. வாயு டர்பைன் காற்றை உள்ளிழுத்து, அமுக்கி, எரிபொருளை எரித்து, அவ்வெப்ப வாயுவினால் டர்பைனைச் சுழற்றுகின்றது. காற்றை அமுக்கும் பகுதியைச் சுழற்றுவதும் அதே டர்பைன்தான். டர்பைன் தரும் வலு 100 பங்கு என்றும், காற்றை நட்டமின்றி அமுக்குவதற்கு 55 பங்கு போதும் என்றும் கொள்ளலாம். அமுக்கும் பகுதியின் திறமை 85 வீதமாயின், 65 பங்கு செலவாகி, 35 பங்கு மிஞ்சும். திறமை 55 வீதமாயின், 100 பங்கும் அதற்கே போய்விடும். இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டிருக்கும். உலகுக்கு ஒரு பயனும் தராது. வாயு டர்பைனைக் கனவு கண்ட பலருக்கு நேர்ந்த கதி இதுவே. 1903 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான எல்லிங் என்பவரே மிச்ச வலுத் தரும் இயந்திரமொன்றை முதலில் ஓட்டிக்காட்டினார். அது தந்த வலு 11 குதிரைத்திறன் மாத்திரமே.

நீராவி டர்பைனை வெற்றிகரமாக அமைத்த சார்ல்ஸ் பார்சன்ஸ், காற்றை அமுக்குவதற்கும் தகடுகள் வரிசை வரிசையாகப் பொருத்திய இயந்திரங்களைச் செய்தார். அவை நல்ல பலன் தரவில்லை. அவற்றில் அடுத்தடுத்த இரு தகடுகளுக்கு இடையேயுள்ள வழி ஒவ்வொன்றும் ஒரு சிறு விரிவழி என்பதை நேயர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். அத்தகைய நூற்றுக்கணக்கான விரிவழிகளிலும் காற்று தகட்டை விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. 1926 இல் கிரிபித் என்ற ஆங்கிலேய அறிஞர், அத்தகடுகளை விமானத்தின் இறகுபோல உருவமைத்தாற் பிரிவைத் தவிர்க்கலாம் என்று காட்டினார். ஒரு வரிசையில் மிகுதியாகத் தணிக்க முயலாது, சிறிது சிறிதாகத் தணித்தல் வேண்டும் என்பதும் தெளிவாயிற்று. ஒரு வரிசையைக் கடக்கும் காற்றின் வேகம், புகும்போது இருந்த வேகத்தில் ஏறத்தாழ 72 வீதத்துக்குக் கீழே இறங்கலாகாது என்பது டி ஹாலர் என்பாரின் பெயரால் வழங்கும் கைவிதி.

இதன் விளைவு இயந்திரத்தின் உருவத்திலேயே தெரிகின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மானிய யூமோ 004 ஜெட் இயந்திரத்தில், காற்றை அமுக்குவதற்கு 8 படிகள். டர்பைனுக்கோ ஒரே படி. பின்னர் வந்த அமெரிக்க ஜே 79 இயந்திரத்தில் அமுக்குவதற்கு 17 படிகள்; டர்பைனுக்கு 3 மாத்திரம். டர்பைனில் வாயு இறக்கத்தில் ஓடுகின்றது; அமுக்கும் பகுதியிற் காற்று மேட்டில் ஏறுகின்றது. இறங்குவோனுக்கு ஒரு பாய்ச்சல் போதும். ஏறுவோனுக்குப் பல படிகள் வேண்டும்.

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் வேறு வழியைக் கையாண்டார். பம்பைப் போலக் காற்றைச் சுழற்றி எறியும் சக்கரத்தையே அவர் தெரிந்தெடுத்தார். அவ்வகை இயந்திரத்தில் அமுக்கத்தின் ஏறக்குறையப் பாதி, சக்கரத்தைச் சூழ்ந்த விரிவழியிலேதான் உண்டாகின்றது. அவருடைய இயந்திரம் 1937 ஏப்ரில் 12 ஆம் திகதி முதன்முதல் ஓடிற்று; 1941 மே 15 ஆம் திகதி அதனைத் தாங்கிய விமானம் வானில் எழுந்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அவரைப் பெரிதும் வருத்தியவற்றுள் ஒன்று, காற்றோட்டத்தில் நெருப்பை நிலைநிறுத்துவது. ஜெட் இயந்திரங்களில் அமுக்கப்பட்ட காற்று வெளியேறும் வேகம் செக்கனுக்கு 150 மீற்றர் வரை இருக்கலாம். எந்தச் சூறாவளியும் அதற்கு நிகராகாது. அக்காற்றில் எந்தச் சுவாலை நிற்கும்? ஆகவே, எரியறைக்கு முன்னே மேலுமொரு விரிவழி அமைத்துக் காற்றைத் தணித்த பின்னரே எரிபொருளோடு சேரவிடுவர். விளக்கை ஊதியணைக்கும் காற்றை, விளக்கை ஏந்தும் காற்றாக மாற்றுகின்றது அது.

காற்றின் அளவு குறைந்து விரிவழிகளில் ஒருங்கே பிரிவு ஏற்படுமானால், அமுக்கப்பட்ட காற்று பேரொலியோடு பின்னோக்கிப் பாயும். அதனைப் பொங்கல் என்றோ குமுறல் என்றோ கூறினும் பொருந்தும். விமான இயந்திரத்துக்கு அது உயிராபத்து. இதன் பொருட்டே சில இயந்திரங்களிற் காற்றின் அளவுக்கேற்பத் தகடுகளின் கோணத்தை மாற்றும் ஏற்பாடு உண்டு. ஜே 79 அத்தகையதே. தகடற்ற விரிவழி ஓரளவு எல்லா நிலைமைகளையும் பொறுத்துக்கொள்ளும். தகடுள்ளதோ உரிய நிலைமையில் மிகத் திறமையாக உழைக்கும், நிலைமை மாறினாற் குழம்பிவிடும். எதை ஏற்பது, எதை விடுவது என்பதிலேதான் பொறியியலாளரின் பகுத்தறிவு விளங்குகின்றது.

இன்று கணிப்பொறிகள் நீரின் பாதையையும் காற்றின் பாதையையும் கோடிக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அங்ஙனமிருந்தும், ஓட்டம் சுவரை விட்டு எவ்விடத்திற் பிரியும் என்பதைத் துல்லியமாகச் சொல்வது இன்னும் கடினமாகவே உள்ளது. சோதனைக்கூடத்து மாதிரிகள் கைவிடப்படவில்லை. சுழலும் சக்கரமும் சீறும் சுவாலையும் எவர் கண்ணையும் கவரும். அவற்றின் பக்கத்தில் அசையாது கிடக்கும் விரிந்த வழியோ எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆயினும், சக்கரம் ஈட்டிய செல்வத்தை இழக்காமற் காப்பது அவ்வழியே. அடுத்த முறை நீரிறைக்கும் பம்பொன்றைக் காணும் நேயர்கள், அதன் நத்தை ஓட்டு உறையைச் சற்று நின்று நோக்குவார்களாயின், பிராண்டிலைப் பல ஆண்டுகள் சிந்திக்கவைத்த வினாவின் விடை அங்கே இரும்பில் வார்க்கப்பட்டிருப்பதைக் காண்பர்.